வைரவருக்கு மீன் குழம்பு

ஜூன் 9, 2024. ஞாயிறு

யூரியா எறிந்துவிட்டு வந்து முகம் கழுவுவதற்குள் கனடாவிலிருந்து மணி அக்கா அழைத்துவிட்டார். எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. பேசத் தொடங்கினால் பத்து அக்காமாருக்குச் சமம். வயல் மூலையில் பாலை மரத்தடியில் வெறும் சூலமாக நிற்கும் எங்கள் வைரவருக்குச் சீமெந்தில் கோயில் கட்டப் போகிறாராம். ஆடி பிறக்குமுன் அடிக்கல் நாட்ட அவரே வருகிறாராம். வாசலில் பளிங்குக் கல் பதித்துக் குடும்ப வரலாறு பொறிக்க வேண்டுமாம்.

"காடு வெட்டி இந்தக் கொலனியை உண்டாக்கின ஆக்களில எங்கட அப்புவும் ஒராள். அவற்ற தேப்பன் ஆர், தேப்பன்ர தேப்பன் ஆர் எண்டு என்ர பேரப்பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது. நீ சும்மாதானே இருக்கிறாய், ஒருக்கா விசாரி."

சும்மாவாம். வாய்க்கால் கதவைத் திறந்து பூட்டும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றால், வயலில் நிற்கிற நேரமெல்லாம் சும்மா என்றுதான் கனடாவில் கணக்குப் போலிருக்கிறது.

எங்கள் தகப்பன், அப்பு, அரசாங்கம் காட்டைப் பிரித்துக் கொடுத்த காணிக்காகக் கிளிநொச்சிக்கு வந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். சொந்த ஊர் வரணி. அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வராது. கேட்டால், "பழங்கதையை விதைச்சா நெல்லு முளைக்குமோ" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் எண்பத்தேழாம் ஆண்டில் காலமானார். அம்மா இடம்பெயர்ந்து மல்லாவியில் இருக்கும்போது போனார். இனி யாரிடம் கேட்பது?

ஜூன் 12. புதன்

கோயிலுக்கு இடம் பார்க்க ஐயரைக் கூட்டி வந்தேன். சூலத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், திசை பார்த்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு, "இவ்வளவு காலமும் என்ன படைச்சு வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். தைப்பூசத்தன்று முதற்கதிர் அறுத்துப் புதிர் எடுக்கும்போது புது அரிசிச் சோறு, மீன் குழம்பு, பனங்கிழங்கு மாவில் நண்டு போட்டுக் காய்ச்சிய ஒடியற்கூழ், ஒரு சுருட்டு.

ஐயர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வைரவருக்கு வடைமாலை சாத்திறது கேள்விப்பட்டிருக்கிறன். கூழும் சுருட்டும் ஆர் சொல்லித் தந்தது?"

"அப்பு" என்றேன். வேறு என்ன சொல்ல? ஆடு கோழி கொள்ளும் சாமிகள் வன்னியில் உண்டு. ஆனால் கூழ் குடித்துச் சுருட்டுப் பிடிக்கிறவர் எங்களுடையவர் மட்டும்தான். கொலனியில் 'மச்ச வைரவர்' என்றால் பள்ளிக்கூடப் பிள்ளையும் வழி காட்டும். அப்பு அன்றைக்கு அம்மாவை அடுப்படிக்கே விடமாட்டார், எல்லாம் தானே சமைப்பார். போகத்துக்கு முதல் உழவன்று தலைப்பாகையை அவிழ்த்து, மரத்தடியில் நின்று, "ஐயா, ஏர் பூட்டவோ?" என்று கேட்பார். சற்று நேரம் காத்திருப்பார். பிறகுதான் மாடு நடக்கும். நானும் உழவு இயந்திரத்தின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கேட்கிறேன். என் மனைவி யோகம் சிரிப்பாள்.

கோயில் எழும்பினால் மீன் கிட்டவும் வரக்கூடாது என்று ஐயர் சொல்லிவிட்டுப் போனார். வைரவருக்கு இந்த வயதில் பத்தியம்.

ஜூன் 15. சனி

வெயில். யோகத்துக்குப் பல்லுக்கொதி. பகல் சோறு நான் வடித்தேன், குழைந்துவிட்டது.

ஜூன் 18. செவ்வாய்

வரணிக்குப் போனேன். வேலுப்பிள்ளை என்ற பெயரையும், கொலனிக்குப் போனவர் என்ற ஒரு சொல்லையும் வைத்துக்கொண்டு கடை கடையாக விசாரித்ததில், மத்தியானம் ஆகுமுன் வீடு அகப்பட்டுவிட்டது. பரமலிங்கம் என்பவர் வந்து படலை திறந்தார். முன்பு பஸ் ஓட்டியவர். அப்புவின் தமையனுடைய மகன். ஆக, எனக்கு அண்ணன் முறை.

"சின்னையாவின்ர மகனோ!" என்று கையைப் பிடித்தவர் விடவே இல்லை. அப்பு வீட்டுக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்ததால் படலை பூட்டப்பட்டதாம். அதன் பிறகுதான் காட்டுக்குப் போனாராம். எனக்கு இது புதுச் செய்தி. என் அப்பாவுக்குக் காதல் கல்யாணம்!

"எங்கட ஐயா மனம் கேளாம ஒருக்காக் கொலனிக்கு வந்தவர். சின்னையா காட்டுக்குப் போட்டார், எப்ப வருவாரோ தெரியாது எண்டு கொம்மா வாசலில வச்சே சொல்லி அனுப்பிப்போட்டா. ஐயாக்கு அது சாகும்வரைக்கும் குறைதான்."

அப்புவின் தகப்பன் பெயர் கணபதிப்பிள்ளை. அவருடைய தகப்பன் அம்பலவாணர். அக்காவின் பளிங்குக் கல்லுக்கு இது போதும். சாப்பிடச் சொன்னார்கள், ஒடியற்கூழ். "சின்னையாக்கு இதெண்டா உயிர் எண்டு ஐயா சொல்லுவார். குடிச்சு முடிய ஒரு சுருட்டும் வேணுமாம்" என்று பரமலிங்கம் அண்ணர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பு கூழை வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. சுருட்டுப் புகை அவருக்கு ஒத்து வராது.

சாமி அறையிலிருந்து, இதுதான் சின்னையா என்று ஒரு படம் கொண்டுவந்து காட்டினார். சாவகச்சேரியில் எடுத்ததாம். கதிரையில் இருந்தும்கூட உயரம் தெரிகிற ஒரு மனிதர். நீண்ட நாடி, அகன்ற நெற்றி. அக்காவுக்கு மீசை வைத்தது போல இருந்தது.

அப்பு என்னளவு உயரம். நான் யோகத்தைவிட ஒரு விரல்கடை கூட, அவ்வளவுதான்.

ஜூன் 19. புதன்

படம் பழையது. அந்தக் காலத்துப் படங்களில் எல்லோரும் வேறு ஆளாகத்தான் தெரிவார்கள். காட்டு வேலை ஆளை ஒடுக்கிவிடும்.

ஜூன் 23. ஞாயிறு

பெயர்களைச் சொன்னதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "நாங்கள் நல்ல குடும்பம் எண்டு எனக்குத் தெரியும் தம்பி" என்றார். படத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

மேசன் யார் என்று கேட்டார். செல்வராஜ், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பக்கத்துக் கிராமத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளை, கை சுத்தமான வேலை என்றேன்.

"தோட்டக்காட்டானோ? கும்பிடுற இடத்துக்கு உனக்கு வேற ஆள் கிடைக்கேல்லையோ?"

கோபம் வந்தது. ஆனால் நடக்கத் தெரியாத வயதில் என்னை இடுப்பில் சுமந்தவர் அக்கா. போர் முடிந்து முகாமிலிருந்து வெறுங்கையோடு வந்தபோது இந்த வீட்டைக் கட்டித் தந்ததும் அவர்தான். இரத்தம் என்று சொல்ல எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆளில்லை. ஆகவே கோபத்தை விழுங்கிக்கொண்டு, செல்வராஜ்தான் வருவார் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 27. வியாழன்

செல்வராஜ் அளவெடுக்க வந்தார். அந்த நேரம் நான் உர மூட்டை ஒன்றை வரம்பால் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். மூட்டையை முதுகில் வைத்து, கயிற்றை நெற்றியில் மாட்டி, குனிந்து நடப்பது என் வழக்கம். இந்தப் பக்கத்தில் எல்லோரும் தலையில்தான் வைப்பார்கள். சின்ன வயதில் அப்பு பழக்கிய பழக்கம்.

"ஐயா எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?" என்று செல்வராஜ் கேட்டார். "எங்கம்மா கொழுந்துக் கூடைய இப்படித்தான் நெத்தியில மாட்டும்."

"எந்தத் தோட்டமும் இல்லை. உம்மட வேலையைப் பாரும்" என்றேன். தேவையில்லாத கடுகடுப்பு. பிறகு யோகத்திடம் தேநீர் போடச் சொல்லி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்திவாரக் கோடு சூலத்தைச் சுற்றி வருகிறது, ஓர் ஆள் இடுப்பளவு ஆழம் வெட்ட வேண்டுமாம்.

ஜூலை 1. திங்கள்

அடுத்த காணி நாகம்மா மாமி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கொலனிக்கு முதலில் வந்தவர்களில் மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். பதினேழு வயதில் புதுப்பெண்ணாக வந்தவர். கண் மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை. நான் கதிரையில் இருக்குமுன்பே தொடங்கிவிட்டார்.

"தோண்டாத மோனை. அதில ஆள் கிடக்கு."

"ஆர் மாமி?"

"வேலுப்பிள்ளை அண்ணை. உன்ர கொக்கா மணியின்ர தேப்பன்."

நான் சிரித்தேன் போலிருக்கிறது. "அப்புவுக்கு நான்தானே மாமி கொள்ளி வச்சனான்" என்றேன்.

"நீ கொள்ளி வச்சது முத்துக்கருப்பனுக்கு."

மாமி சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். என் வார்த்தைகளில் எழுத எனக்குக் கை வரவில்லை.

"முதல் போகம் விதைக்க முன்னம் அண்ணையைப் புடையன் பாம்பு கடிச்சுப்போட்டுது. வண்டில் கட்ட முதலே சீவன் போட்டுது. கொக்கா கைக்குழந்தை. காணி பாக்கப் புது ஓவசியர் வாற கிழமை அது. ஆம்பிளை இல்லாத காணியைத் திருப்பி எடுத்துப்போடுவினம். கொம்மாக்குப் போக இடமில்லை, வரணியில படலை பூட்டு. பக்கத்துக் காணிக்காரர் எல்லாரும் கூடிக் கதைச்சவை. காடு வெட்டக் கூலிக்கு நிண்டவன் முத்துக்கருப்பன், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பெடியன். தோட்டத்துச் சனத்தின்ர பிரசாவுரிமையைப் பறிச்ச காலம், அவனுக்கு இந்த நாட்டில ஒரு துண்டு உரித்தும் இல்லை. 'ஆர் வேலுப்பிள்ளை?' எண்டு ஓவசியர் கேட்க அவன் கையை உயத்தினான். உயத்தின கையைப் பிறகு இறக்க ஏலாமப் போச்சு."

"எரிச்சால் புகை தெரியும் எண்டு தாட்டது. பறை இல்லை, பாட்டில்லை. கொம்மா வாய்விட்டு அழக்கூடாது, பொட்டழிக்கக்கூடாது, தாலி கழட்டக்கூடாது. புருசன் உயிரோட நிக்கிறானே! மேல ஒரு சூலத்தை நட்டு வைரவர் எண்டு சொல்லிப்போட்டம். சூலம் நிண்டா ஒருத்தரும் தோண்டமாட்டினம். கொம்மா வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வைக்கிற சாட்டில போய் நிண்டு அழுதிட்டு வருவாள்."

"நான்?" என்று கேட்டேன்.

"நீ கன காலத்துக்குப் பிறகு. அவன் மாட்டுக் கொட்டிலுக்குள்ளதான் படுத்தவன். கொம்மாதான் ஒருநாள், பனி பெய்யுது, உள்ள வந்து படு எண்டவள். நல்ல பெடியன் மோனை. தன்ர ஆக்களிட்டத் திரும்பிப் போகேல்லை. என்னெண்டு போறது, பேரைக் குடுத்திட்டானே. தாய் செத்ததாக் கனவு கண்டன் எண்டு வாய்க்கால் கட்டில குந்தியிருந்து அழுதவன், நான் கண்டனான்."

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அப்புவின் சாவீட்டில் அம்மா பிணத்தைப் பார்த்து அழுததைவிட பாலை மரத்தைப் பார்த்து அழுததுதான் அதிகம். துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று அன்றைக்கு நாங்கள் நினைத்தோம்.

ஜூலை 2. செவ்வாய்

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பாய்ச்சினேன்.

ஜூலை 4. வியாழன்

செல்வராஜிடம் அத்திவாரம் வெட்ட வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், மஸ்கெலியாப் பக்கத்தில் முத்துக்கருப்பன் என்று ஒருவர், ஐம்பதுகளில் ஊரை விட்டு வந்தவர், யாரையாவது விசாரிக்கலாமா என்று.

"எந்தத் தோட்டம் ஐயா? எந்த டிவிசன்? அப்பா பேரு?"

ஒன்றும் தெரியாது.

"அந்தப் பேருல லயத்து வீட்டு வரிசைக்கு ரெண்டு பேரு இருப்பாங்களே ஐயா" என்றார் செல்வராஜ். அவருக்கே அது வருத்தமாக இருந்தது.

ஜூலை 6. சனி

அக்கா வந்துவிட்டார். மூன்று பெட்டி. யோகத்துக்குச் சேலை, எனக்குக் குளிருக்குப் போடுகிற சட்டை. கிளிநொச்சியில், ஆனி வெயிலில்! பளிங்குக் கல்லில் பொறிக்க வேண்டியதைத் தட்டச்சில் அடித்தே கொண்டுவந்திருக்கிறார். கதிரையில் நிமிர்ந்து இருந்து அதை வாசித்துக் காட்டினார். வரணி வீட்டுப் படம் எழுந்து வந்து என் முற்றத்தில் இருந்தது போல இருந்தது.

ஜூலை 9. செவ்வாய்

சொல்லிவிட்டேன். யோகம்தான், "நீங்கள் சொல்லாட்டி ஐயர் வந்து தேங்காய் உடைக்கேக்க சொல்லப் போறியளோ" என்றாள்.

அக்காவை மரத்தடிக்குக் கூட்டிப்போய் நாகம்மா மாமி சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். பேசாத அக்காவை நான் பார்த்ததே இல்லை, பயமாக இருந்தது. முடிவில் கேட்டார்.

"அப்ப நீ ஆர்?"

அவர் கத்தவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டது போலத்தான் இருந்தது.

"இது என்ர அப்பான்ர காணி. என்ர அப்பாவில மிதிச்சுக்கொண்டு நிண்டுதான் நாங்கள் பொங்கினது" என்றார். பெட்டியைக் கட்டச் சொன்னார். வரணிக்குப் போகிறாராம், பரமலிங்கம் அண்ணர் வீட்டுக்கு. வாகனம் பிடித்துக் கொடுத்தேன். அவர் ஏறும்போது, காணி உங்களுடையதுதான் அக்கா, எழுதித் தருகிறேன் என்றேன். வாகனக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 12. வெள்ளி

அடிக்கல் நாட்ட வேண்டிய நாள். ஐயருக்குத் தொலைபேசியில் வரவேண்டாம் என்று சொன்னேன். யோகம் மரத்தடியில் விளக்கு வைத்தாள். நான் தூரத்தில் நின்றேன். கிட்டப் போக எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஜூலை 17. புதன்

ஆடி பிறந்துவிட்டது. அக்காவிடமிருந்து பேச்சில்லை. கதிர் பால் பிடிக்கிறது. அறுபத்தாறு வயதில் அழுகிறவன் மடையன் என்று எழுதலாம் என்று நினைத்தேன். அப்பு வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து அழுதபோது அவருக்கு முப்பதுகூட இருந்திராது. அந்த மனிதரை யாரும், அவருடைய சொந்த மகன்கூட, அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 24. புதன்

காலையில் படலையில் முச்சக்கரவண்டி நின்றது. அக்கா இறங்கினார். கையில் ஒடியல்மாப் பை, மற்றக் கையில் பனையோலைப் பெட்டியில் மீன். நேரே அடுப்படிக்குப் போய், யோகத்தை வெளியே அனுப்பிவிட்டுக் கூழ் காய்ச்சினார். மரத்தடியில் கொண்டுபோய் வைத்தார். சுருட்டும் வாங்கி வந்திருக்கிறார்.

பிறகு நிலத்தில் இருந்து தலையை விரித்துப்போட்டு அழுதார். கனடாவில் நாற்பது வருடம் இருந்தவருக்கு ஒப்பாரி எங்கிருந்து வந்ததோ தெரியாது. "பறையில்லாமல் போனியளே, பந்தலில்லாமல் போனியளே, என்னைப் பெத்த அப்பு" என்று வயல் முழுக்கக் கேட்க அழுதார். அம்மா அழ வேண்டிய அழுகை அது. நாகம்மா மாமியை அவருடைய மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். மாமி அக்காவைக் கட்டிப்பிடித்துத் தானும் தொடங்கிவிட்டார்.

பின்னேரம் அக்கா என்னை வரச் சொன்னார்.

"ஆடி அமாவாசைக்கு வருசா வருசம் கீரிமலைக்குப் போறனீ. ஆற்ற பேரைச் சொல்லி எள்ளுத் தண்ணி விடுறனீ?"

"வேலுப்பிள்ளை எண்டுதான் அக்கா. எனக்கு வேற பேர் தெரியாதே."

"அப்ப என்ர அப்புவுக்கு நீ ஒரு வருசமும் குறை வைக்கேல்லை." பிறகு அடுத்ததைக் கேட்டார். "மற்ற ஆளுக்கு?"

"ஒருத்தரும் விடேல்லை. கொள்ளி வைக்கேக்கயும் ஐயர் வேலுப்பிள்ளை எண்டுதான் சொன்னவர்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்குக் காச்சல் வந்தா விடிய விடியத் தோளில போட்டுக்கொண்டு நடந்தது அந்த மனிசன்தானே. நான் என்ன வாய் கதைச்சனான்... தோட்டக்காட்டான் எண்டு... அந்தாள் இருக்கேக்கயும் சொல்லியிருக்கிறன் தம்பி. அந்தாளுக்கு முன்னாலயே சொல்லியிருக்கிறன். ஒண்டும் சொல்லாமத் தலையைத் தடவினது."

தம்பி என்று சொன்னார். எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. காணிக் கதையை எடுத்தேன். "செருப்பால அடிப்பன்" என்றார்.

ஜூலை 30. செவ்வாய்

அக்கா பயணச்சீட்டை மாற்றிவிட்டார். பளிங்குக் கல் வேண்டாமாம். செல்வராஜ் மரத்தைச் சுற்றி ஒரு கல் வரம்பு மட்டும் கட்டினார், மண்ணைக் கிளறாமல். அக்கா அவருக்குத் தன் கையால் சோறு போட்டுப் பக்கத்தில் இருந்து பரிமாறினார். மீன் துண்டுகளை அள்ளி அள்ளி வைத்ததில் அந்த மனிதர் திணறிப்போனார்.

ஆகஸ்ட் 4. ஞாயிறு. ஆடி அமாவாசை

கீரிமலையில் சனம் நெரிந்தது. கடலில் குளித்து ஈரவேட்டியோடு ஐயருக்கு முன்னால் போய் இருந்தேன். அக்கா எனக்குப் பின்னால் நின்றார்.

"தகப்பன் பேர்?"

வேலுப்பிள்ளை என்றேன். கணபதிப்பிள்ளை, அம்பலவாணர் என்று அடுத்த இரண்டு தலைமுறையையும் தடுமாறாமல் சொன்னேன். முந்திய வருடங்களில் இதில் தெரியாது தெரியாது என்றுதான் சொல்லி வந்தேன். எள்ளும் தண்ணீரும் விட்டு முடிந்தது. ஐயர் அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் எழும்பவில்லை.

"இன்னும் ஒராள் இருக்கு ஐயா. தகப்பன்."

"ஒரு ஆளுக்கு ரெண்டு தகப்பனோ?"

"எங்களுக்கு ரெண்டு பேர்தான்" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நீங்கள் செய்யுங்கோ."

ஐயர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் தர்ப்பையை மாற்றினார். "பேர்?"

"முத்துக்கருப்பன்."

"அவற்ற தகப்பன்?"

"தெரியாது."

"அவருக்கும் தகப்பன்?"

"தெரியாது ஐயா. அவருக்கு மேல எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஐயருக்கும் அவசரம். ஆனாலும் கை நிறைய எள்ளை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். "மூண்டு தலைமுறைக்கும் தண்ணி விட வேணும். தெரியாட்டிப் பரவாயில்லை. தெரிஞ்ச பேரையே மூண்டு தரமும் சொல்லும். கேக்கிற மாதிரிச் சொல்லும்."

நான் சொன்னேன். முத்துக்கருப்பன். முத்துக்கருப்பன். முத்துக்கருப்பன்.